கேட் தேர்வுக்கு எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது?

ஜூன் பிறந்தால் போதும், பொறியியல் கடைசி வருடத்துக்குப் போகும் பிள்ளைகளிடமிருந்து, எம்டெக் போன்ற மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வைப் பற்றி எனக்கு ஒரே கேள்வி வரும். போன தடவை கேட்டது அரியலூர்ப் பக்கத்துப் பெண், சிவில் படிக்கிறாள். "அண்ணா, வீட்டுல ஐயாயிரம் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள கேட் படிச்சிடலாமா? புக் வாங்கட்டுமா, டெஸ்ட் சீரீஸ் போடட்டுமா, இல்ல எல்லாத்தையும் நெட்லயே பாத்துக்கட்டுமா?"

படித்துவிடலாம். (டெஸ்ட் சீரீஸ் என்பது பணம் கட்டி கம்ப்யூட்டரில் எழுதிப் பார்க்கும் மாதிரித் தேர்வுகள்.) ஆனால் எதை எந்த மாதத்தில் வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நானும் சிவில்தான், கேட் இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை ஒரு கோச்சிங் சென்டரின் போஸ்டல் மெட்டீரியல் முழு செட்டையும் ஆரம்பத்திலேயே வாங்கிவிட்டேன். பெட்டி வந்த அன்று பெரிய தைரியம் வந்தது. பிப்ரவரியில் தேர்வு எழுதப் போனபோது அதில் பாதிப் புத்தகம் பிரிக்காமலே கிடந்தது. அப்பா கொடுத்த பணம் அது. இரண்டாவது தடவை செலவு அதில் கால்வாசிகூட ஆகவில்லை, மார்க் முதல் தடவையைவிட அதிகமாகவே வந்தது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று யோசித்து யோசித்துத்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

## முதலில், எதை வைத்து அளப்பது

கேட்டில் 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க். பொதுத் திறன் 10 கேள்விக்கு 15 மார்க், மீதி 85 உங்கள் பாடம். கேள்விகள் மூன்று வகை. ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் எம்சிகியூவில் தப்பு விட்டால் மார்க் குறையும்: 1 மார்க் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு, 2 மார்க் கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கு. ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கக்கூடிய எம்எஸ்கியூ 2021இல் வந்தது. அதில் மைனஸ் கிடையாது, ஆனால் எல்லாச் சரியான விடைகளையும் குறித்தால்தான் மார்க், பாதி மார்க் என்ற பேச்சே இல்லை. எண்ணைத் தட்டச்சு செய்யும் என்ஏடிக்கும் மைனஸ் இல்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், படிக்க வாங்கும் எதுவும் இந்தத் தேர்வுக்குப் பொருந்த வேண்டும். கடையில் அடுக்கி வைத்திருப்பதில் பாதி அப்படிப் பொருந்துவதில்லை. நான் பார்ப்பது ஐந்து விஷயம்.

இப்போதைய பாடத்திட்டத்துக்கும் கேள்வி வகைக்கும் அது ஒத்துவருகிறதா? விடை நம்பத்தகுந்ததா, எப்படி வந்தது என்ற விளக்கம் இருக்கிறதா? எவ்வளவு நேரம் கேட்கும்? பிரிண்ட், டேட்டா, பஸ் எல்லாம் சேர்த்து உண்மையில் எவ்வளவு ஆகும்? தேர்வு முடிந்தபின் அதை விற்கவோ கொடுக்கவோ முடியுமா?

இந்த ஐந்தில் மூன்றாவதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இலவசம் என்று சொல்லப்படும் பல விஷயங்களுக்கு விலை அங்கேதான் இருக்கிறது.

## யாராக இருந்தாலும் முதல் வேலை

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் பழைய வினாத்தாள்களை இறக்கிக்கொள்ளுங்கள். தேர்வை நடத்தும் ஐஐடியின் கேட் இணையதளத்தில் வினாத்தாளும் இறுதி விடைக்குறிப்பும் இலவசமாகவே கிடைக்கும். சிவில் போன்ற பாடங்களுக்குப் பல வருடங்களில் இரண்டு ஷிஃப்ட், தனித்தனித் தாளோடு நடந்திருப்பதால், பத்து வருடத்தை எடுத்தாலே பத்துக்கும் மேல் தாள்கள் கையில் இருக்கும்.

இவற்றை மொபைலில் பார்த்துப் பழகாதீர்கள், பிரிண்ட் எடுங்கள். சமீப வருடத் தாள்களில் ஒரு பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ கேள்விதான், மீதி வெள்ளையாகக் கிடக்கும். அப்படியே எடுத்தால் ஒரு தாளே 40 பக்கத்தைத் தொட்டுவிடும். ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கத்துக்கு இரண்டாகச் சுருக்கி, முன்னும் பின்னும் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்றே வைத்தாலும் பத்து வருடத் தாள்கள் ஸ்பைரல் பைண்டிங்கோடு சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

இதில் இல்லாதது ஒன்றுதான்: விளக்கம். விடைக்குறிப்பில் '2.45 முதல் 2.55 வரை' என்று இருக்கும். அந்த எண் எப்படி வந்தது என்று இருக்காது. நாம் பணம் கொடுத்து வாங்கும் முக்கால்வாசிப் பொருள் இந்த விளக்கத்தைத்தான் விற்கிறது. அதனால் கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் 'விளக்கத்தை எவ்வளவு மலிவாக, எவ்வளவு நம்பிக்கையாகத் தருகிறது' என்று பாருங்கள்.

## புதுப் புத்தகம்

கடையில் புதிதாக வாங்கத் தகுந்தது என்று நான் சொல்வது ஒன்றே ஒன்று: பாடவாரியாகப் பிரித்து விளக்கத்தோடு வரும் முந்தைய வருட வினா விடைத் தொகுப்பு. அதுவும் இந்த வருடப் பதிப்பாக இருக்க வேண்டும். மண்ணியல், பாய்மம், கட்டமைப்பு என்று பிரித்திருப்பதால் ஒரு பாடம் படித்த கையோடு அந்தப் பாடக் கேள்விகளைப் போட்டுப் பார்க்கலாம். அதிகாரப்பூர்வத் தாள்களில் அந்த வசதி இல்லை.

அதிலும் தப்பு இருக்கும். ஒரு தொகுப்பில் மண்ணியலில் வரும் ஒருபரிமாண ஒடுக்கம் பற்றிய கேள்விக்கு 'சி' என்று விடை போட்டிருந்தார்கள். எனக்கு 'பி' வந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன், 'பி'தான். ஒரு முழு மாலை போனது, கூடவே 'நமக்கு இது வராது போலிருக்கிறது' என்ற சோர்வும் வந்தது. மறுநாள் அதிகாரப்பூர்வ விடைக்குறிப்பைத் திறந்தால் 'பி'. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். புத்தகம் வாங்கிய முதல் நாளே அதிகாரப்பூர்வ விடைகளைப் பக்கத்து ஓரத்தில் எழுதிவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, ஆனால் அது காப்பாற்றிய மாலைகள் பல.

தியரிக்கான தடித்தடி கைடுகள் தேவையில்லை. கல்லூரியில் நான்கு வருடம் படித்ததைச் சுருக்கி, சூத்திரமாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஏற்கெனவே புரிந்தவருக்குத்தான் அந்தச் சுருக்கம் உதவும். அப்படிப் புரிந்தவர் தன் கையாலேயே சூத்திர நோட்டு எழுதிக்கொள்வார்.

புதுப் புத்தகம் யாருக்கு? வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு. தேடி அலைய அவருக்கு நேரம் இல்லை. ஆன்லைனில் ஆர்டர் போட்டு இரண்டு நாளில் உட்கார்ந்துவிடலாம்.

## பழைய புத்தகம்

எனக்கு மனதுக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

சென்னையில் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகள் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் கடையைவிட நல்ல இடம் உங்கள் ஹாஸ்டல். மே மாதம் கடைசி வருட அண்ணன்களும் அக்காக்களும் அறையைக் காலி செய்யும்போது, ஊருக்குத் தூக்கிப் போக முடியாமல் பாதி விலைக்கும் கால் விலைக்கும் கொடுப்பார்கள். சிலர் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். அந்த ஒரு வாரத்தை விட்டால் அடுத்த மே வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

எது பழசானாலும் பரவாயில்லை, எது கூடாது என்பதற்கு எங்கள் சிவிலிலிருந்தே சொல்கிறேன். பாய்மவியல், மண்ணியல், பொருட்களின் வலிமை, பொறியியல் கணிதம் இவையெல்லாம் இருபது வருடம் பழசானாலும் கவலை இல்லை. பெர்னூலி சமன்பாடு அன்றும் இன்றும் ஒன்றுதான். எஃகுக் கட்டமைப்பு அப்படி இல்லை. அதற்கான இந்தியத் தர விதிநூல் ஐஎஸ் 800, 2007இல் திருத்தப்பட்டது. அதற்கு முந்தைய 1984 பதிப்பை வைத்து எழுதிய புத்தகத்தை நூறு ரூபாய்க்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2007 பதிப்பு பின்பற்றும் லிமிட் ஸ்டேட் முறையில் வடிவமைப்பே அதில் இருக்காது. கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456இன் 2000ஆம் வருடப் பதிப்பை வைத்து எழுதியதா என்று முன்னுரையில் பாருங்கள். வேறு துறைக்காரர்களும் இதேபோல் தங்கள் பாடத்தில் எது விதிநூலைச் சார்ந்தது, எது அடிப்படை அறிவியல் என்று பிரித்துக்கொள்ளலாம்.

வினா விடைத் தொகுப்பைப் பழசாக வாங்கினால் 2021க்கு முந்தையது வேண்டாம். எம்எஸ்கியூ அதில் இருக்காது. பொதுத் திறனில் காகிதத்தை மடித்து வெட்டினால் என்ன வடிவம் வரும் என்பது போன்ற கேள்விகளுக்குப் பயிற்சி கிடைப்பதும் சந்தேகம்.

இன்னொரு செலவு கண்ணுக்கே தெரியாது. நான் வாங்கிய பழைய தொகுப்பில் முந்தைய சொந்தக்காரர் எல்லா விடையையும் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார். கேள்வியைப் படிக்கும் முன்பே கண் அந்த வட்டத்துக்குப் போய்விடும். போட்டுப் பார்த்தது போலவே ஒரு நினைப்பு வரும், ஆனால் போட்டிருக்க மாட்டோம். இரண்டு ரப்பர் தேயத் தேய அழித்தேன். பென்சில் என்பதால் முடிந்தது. பேனாவால் குறித்திருந்தால் அந்தப் புத்தகத்தை வாங்காமல் கீழே வையுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

## நூலகம்

கல்லூரி நூலகம்தான் மிகக் குறைந்த செலவு, அதில் சந்தேகமே இல்லை. பல பொறியியல் கல்லூரிகளில் புக் பேங்க் இருக்கிறது. செமஸ்டர் முழுக்கப் புத்தகத்தை வைத்துக்கொள்ளலாம். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குத் தனியாகப் புக் பேங்க் திட்டமும் உண்டு. கேட்டால்தான் தெரியும், கவுன்ட்டரில் கேளுங்கள்.

சிக்கல் என்னவென்றால், கல்லூரி முடியும் மாதத்தில் பாக்கி எதுவும் இல்லை என்ற நோ ட்யூஸ் வாங்கச் சொல்லி கார்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் உட்கார்ந்து படிக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய அடி. அவர்களுக்குப் பொது நூலகம் இருக்கிறது. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி உண்டு. மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. வீட்டில் ஒரே அறை, டிவி சத்தம், தம்பி தங்கை என்று இருப்பவருக்கு இந்த இடங்களில் கிடைக்கும் முக்கியமான பொருள் புத்தகம்கூட இல்லை. மேசை, விளக்கு, அமைதி. பஸ் பாஸ் செலவைச் சேர்த்தாலும் இது பெரிய லாபம்.

## இலவச இணையம்

என்பிடெல் இருக்கும்போது தியரி வகுப்புக்குப் பணம் கட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் வீடியோ பாடத் தளம் அது. கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர்களோ, அதே வட்டாரத்துப் பேராசிரியர்கள் பாடம் எடுக்கிறார்கள். வீடியோ பார்க்கப் பணம் இல்லை. சான்றிதழ் தேர்வு எழுதினால்தான் கட்டணம், கேட்டுக்கு அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை. பல பாடங்களின் உரையைத் தமிழிலும் எழுத்தாகக் கொடுத்திருக்கிறார்கள். தமிழ் வழியில் பன்னிரண்டாவது வரை படித்துவிட்டு வந்தவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு வீடியோ பார்த்தால் பேராசிரியர் சொல்வது சட்டென்று பிடிபடும்.

இதன் உண்மை விலை நேரம். 12 வாரப் பாடம் ஒன்று ஏறக்குறைய 30 மணி நேரம். எட்டுப் பாடம் என்றால் 240 மணி நேரம், தினமும் இரண்டு மணி பார்த்தாலும் நான்கு மாதம். அவ்வளவும் பார்த்து முடிக்கையில் நவம்பர் ஆகியிருக்கும், ஒரு கணக்குகூடப் போட்டிருக்க மாட்டோம். வீடியோ ஓடும்போது படிப்பது போலவே தோன்றும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. பழைய தாளில் ஒரு தலைப்பில் கேள்வி வந்து, அது புரியாமல் நின்றால், அந்தத் தலைப்புக்குரிய ஒரு மணி நேரத்தை மட்டும் பாருங்கள். முழுப் பாடத்தை முதலிலிருந்து பார்ப்பது, அந்தப் பாடத்தைக் கல்லூரியில் சுத்தமாக விட்டுவிட்டவருக்கு மட்டும்.

கணினி அறிவியல்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் கூடுதல். கேட் ஓவர்ஃப்ளோ தளத்தில் முந்தைய வருடக் கேள்விகள் ஒவ்வொன்றின் கீழும் விளக்கமும் விவாதமும் இருக்கிறது. எந்த விடை ஏன் தப்பு என்று பலர் அடித்துப் பேசியிருப்பார்கள். மற்றத் துறைகளில் இந்த அளவுக்கு ஒரே இடத்தில் கிடைப்பது குறைவு.

## ஜெராக்ஸ் நோட்ஸ், டெலிகிராம் பிடிஎஃப்

டெல்லி ஐஐடி பக்கத்தில் ஜியா சராய் என்று ஒரு இடம். கோச்சிங் வகுப்பில் யாரோ எழுதிய நோட்டை ஜெராக்ஸ் எடுத்து விற்கும் கடைகளுக்குப் பேர்போனது. அங்கிருந்து கிளம்பியது இன்று பிடிஎஃப்பாக எல்லார் மொபைலுக்கும் வந்துவிட்டது. மிக மலிவு, பல நேரம் ஓசி. நான் பரிந்துரைப்பதில்லை.

சட்டக் காரணம் ஒன்று. கல்லூரிப் பாடத்துக்காகப் புத்தகப் பகுதிகளை ஜெராக்ஸ் எடுத்துத் தொகுப்பது குற்றமில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் தீர்ப்புச் சொன்னது உண்மை. அதை வைத்துக்கொண்டு ஒருவர் உழைத்து எழுதிய முழுப் புத்தகத்தையும் விற்கலாம் என்று ஆகாது.

அதைவிட உங்களைப் பாதிக்கும் காரணம் வேறு. ஒருவருடைய நோட்டு என்பது அவர் காதில் விழுந்ததன் மிச்சம். சார் போர்டில் வரைந்த படம் இருக்கும், அப்போது வாயால் சொன்னது இருக்காது. சமன்பாட்டுக்கும் சமன்பாட்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு வரி விடுபட்டிருக்கும், அதுதான் நமக்குத் தேவைப்பட்ட வரியாக இருக்கும். டெலிகிராமில் 40 ஜிபி சேர்த்து வைத்திருந்த ஒரு தம்பியிடம் எதிலிருந்து படிக்கிறாய் என்று கேட்டேன். "இன்னும் செலக்ட் பண்ணல அண்ணா" என்றான். அப்போது அக்டோபர்.

உங்களுக்குத் தெரிந்த சீனியர், பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்லத் தயாராக இருந்தால் அவருடைய நோட்டை வாங்குங்கள். அது வேறு கதை, அங்கே நோட்டோடு ஆளும் கிடைக்கிறார்.

## டெஸ்ட் சீரீஸ்

கையில் இருக்கும் பணத்தில் பெரிய பங்கை நான் போடச் சொல்வது இதற்குத்தான். சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை இருக்கிறது. மூன்று மணி நேரம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, எந்தக் கேள்வியை விடுவது என்று முடிவெடுக்கும் பழக்கம் புத்தகத்தில் கிடைக்காது.

கால்குலேட்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடமாகக் கையில் வைத்துத் தட்டிய கால்குலேட்டரைத் தேர்வு அறைக்குள் விட மாட்டார்கள். திரையில் ஒன்று வரும், மவுஸால்தான் அழுத்த வேண்டும். நம் கால்குலேட்டரில் முதலில் சைன், பிறகு 30. திரையில் முதலில் 30, பிறகு சைன். பழகாமல் போனால் ஒவ்வொரு என்ஏடி கேள்வியிலும் அரை நிமிடம் போகும். இந்தக் கால்குலேட்டரும் மாதிரித் தேர்வும் கேட் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன, பணம் கட்டும் முன் அதில் பழகுங்கள்.

அப்புறம், ஜூனில் வாங்காதீர்கள். சலுகை விலை என்று அப்போதுதான் அழைப்பார்கள். பாடத்தில் பாதியாவது முடிக்காமல் முழுத் தேர்வு எழுதினால் வருவது 18 மார்க்கும் அழுகையும்தான். அக்டோபர் வாக்கில் வாங்கினால் போதும். ஒரே ஒரு நிறுவனத்தினுடையது போதும். சில சீரீஸ்களில் கேள்வியை வேண்டுமென்றே கடினமாக்கி வைத்திருப்பார்கள், அதில் வரும் மார்க்கை வைத்து மனம் உடைந்துபோகக் கூடாது. இலவச மாதிரித் தேர்வு ஒன்றை எழுதிப் பார்த்து, பழைய தாளின் கேள்விகளோடு ஒப்பிட்ட பிறகு பணம் கட்டுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | கையிலிருந்து போவது | கண்ணில் படாத செலவு | யாருக்கு நல்லது |
|---|---|---|---|
| பழைய வினாத்தாள் | பிரிண்ட் செலவு மட்டும் | விளக்கம் இல்லை | எல்லாருக்கும் |
| புது வினா விடைத் தொகுப்பு | நடுத்தரம் | தப்பு விடைகள் | வேலைக்குப் போகிறவர் |
| பழைய பாடப்புத்தகம் | குறைவு | காலாவதியான விதிநூல், குறித்து வைத்த விடை | ஹாஸ்டலில் இருப்பவர் |
| நூலகம் | பஸ் செலவு | கார்டு முடியும் நாள் | வீட்டில் இடமில்லாதவர் |
| என்பிடெல் | டேட்டா | நூற்றுக்கணக்கான மணி நேரம் | அடிப்படை விட்டுப்போனவர் |
| ஜெராக்ஸ், பிடிஎஃப் | மிகக் குறைவு | பாதி விளக்கம், தேர்வு செய்ய முடியாத குவியல் | பக்கத்தில் சீனியர் இருப்பவர் மட்டும் |
| டெஸ்ட் சீரீஸ் | நடுத்தரம் முதல் அதிகம் | சீக்கிரம் வாங்கினால் வீண் | பாதிப் பாடம் முடித்தவர் |

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்இ, எம்டெக் சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா பிஜி நுழைவுத் தேர்வையும் சேர்த்து எழுதுகிறவர்கள் அதற்கென்று தனிப் புத்தகக் கட்டு வாங்கத் தேவையில்லை. கேட்டுக்குப் படித்த கணிதமும் துறைப் பாடமும் பெரும்பாலும் அங்கேயும் கைகொடுக்கும். மாதிரிக் கேள்விகளை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## ஐயாயிரம் ரூபாய்க்குள்

அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு இது. விண்ணப்பக் கட்டணம் முதலில். கேட் 2026க்கு 2,000 ரூபாய், பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் 1,000. அவளுக்கு 1,000. பழைய தாள்கள் பிரிண்ட்டுக்கு 400. சீனியர்களிடம் மண்ணியல், பாய்மவியல், கணிதம் மூன்றும் சேர்த்து 900க்குக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். எஃகுக்கும் கான்கிரீட்டுக்கும் கல்லூரி நூலகம், மே மாதம் வரை கார்டு இருக்கிறது. புது வினா விடைத் தொகுப்புக்கு 700. அக்டோபரில் டெஸ்ட் சீரீஸுக்கு 1,500, அதுவரை அந்தப் பணத்தை அம்மாவிடமே கொடுத்து வைக்கச் சொன்னேன். தியரி முழுக்க என்பிடெல், கல்லூரி வைஃபையில்.

மொத்தம் 4,500. மீதி 500 எதற்கு என்று கேட்டாள். விண்ணப்பத்தில் தேர்வு நகரம் மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், முதலில் கேட்டதே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. திருச்சி கிடைத்தால் விடியற்காலை பஸ் போதும். தள்ளிப் போட்டுவிட்டால் முந்தின நாளே போய்த் தங்க வேண்டும், அப்பாவும் கூட வருவார். அந்த 500ஐத் தொடாதே என்றேன்.